எரிகிற விளக்கும் இல்லாத ஆளும்

இளங்கோ, இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், கம்ப்யூட்டரை மூடிவிட்டு, ஒரு இடத்தில் உட்கார்ந்து படி. ஞாயிற்றுக்கிழமை நீ உங்க அம்மாவிடம் போனில் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பா வெளியே போயிருக்கிறார் என்று அவள் சொன்னது பொய். அப்படிச் சொல்லச் சொல்லிக் கையை ஆட்டியது நான்தான். வளர்மதி உன்னிடம் பொய் சொல்கிறாள் என்றாய். செவ்வாய்க்கிழமைதோறும் ட்ரெயினிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டு எங்கேயோ போகிறாள், அவள் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு கிளாஸே கிடையாது, உன் சிநேகிதனின் தங்கையும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், விசாரித்துவிட்டேன், தை மாசக் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள் என்றாய். சொல்லிவிட்டு நீ அழுததும் கேட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இதை நீ முழுதாகப் படித்துவிட்டுப் பேசுகிற வரைக்கும் கொடுக்கப் போவதும் இல்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பாய்வாய், நான் வாயை மூடிக்கொள்வேன், நம் இருவருக்கும் அதுதானே வழக்கம். கவரை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். உங்க அம்மாவும் வளர்மதியும் படித்த பிறகுதான் கூரியருக்குப் போகும். இனிமேல் இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாத சங்கதி வேண்டாம்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரியும். கனகசெட்டிக்குளம் சோதனைச் சாவடியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வுபெறும்வரை, நம்ம ஊர் எல்லையைத் தாண்டுகிற வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நம்ம ஊரில் விலை குறைவு என்று கடத்துகிற பிராந்தி பாட்டில் தக்காளிக் கூடைக்கு அடியில் இருக்கும். ஸ்டெப்னி டயருக்குள் இருக்கும். ஒருமுறை கல்யாண வேனில், சீர்வரிசைத் தட்டுகளுக்குக் கீழே, வைக்கோல் சுற்றி வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். எதை நம் கண்ணில் படும்படி மேலே வைக்கிறார்களோ அதை நம்பக் கூடாது என்பதுதான் அந்த வேலையில் நான் கற்ற பாடம். கேட்காமலே நிறையப் பேசுகிற டிரைவரிடம் ஏதாவது இருக்கும். சீக்கிரம் பார்த்துவிட்டு விடுங்கள் என்று எரிந்து விழுகிறவனிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இந்தப் புத்தியைச் சாவடியிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. காய்கறிக்காரரை, கேபிள்காரரை, உங்க அம்மாவின் அண்ணனை, கடைசியில் உன்னை, எல்லாரையும் தார்ப்பாயைத் தூக்கித்தான் பார்த்தேன்.

நீ காலேஜ் படிக்கும்போது சாயங்காலமானால் உழவர்கரையில் அந்த பிரௌசிங் சென்டருக்கு ஓடுவாயே, அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். பலகைத் தடுப்பு, தடுப்புக்கு ஒரு திரை, திரைக்கு உள்ளே வயசுப் பையன்கள். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா. ஒரு நாள் டூட்டிக்குப் போகிற மாதிரி கிளம்பி, எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடையில் நின்று, நீ உள்ளே போனதும் பின்னாலேயே வந்து திரையை விலக்கினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகத்தான் நினைப்பு. கம்ப்யூட்டரில் அசிங்கமான படம் இல்லை. பெண் இல்லை. வெறும் பெயர்கள், பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன விளக்குகள். சிலது எரிந்தது, சிலது எரியவில்லை. நீ எதையும் எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை. ஒரு பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாய். யாருடா அது என்று கேட்டேன். உன்னோடு ஸ்கூலில் படித்துச் சென்னைக்குப் போன பையனாம், நாலு மணிக்கு வருவதாகச் சொன்னானாம். வராவிட்டால் என்ன, நாளைக்குப் பேசு என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமலே, "பச்சையா எரியுதுப்பா. இருக்கான். இருந்துகினே பேச மாட்டேங்கிறான்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாட்டிலைத் தேடிப்போன எனக்கு வைக்கோல்தான் கிடைத்தது. பையன் ஒழுங்காகத்தான் இருக்கிறான் என்று உங்க அம்மாவிடம் வந்து சொன்னேன். வைக்கோலை எதற்காக இவ்வளவு பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் வீட்டுக்கே கம்ப்யூட்டர் வந்தது. எல்லாரும் தங்கள் முகத்தைப் போட்டு வைத்து, ஒருவர் வாசலில் ஒருவர் எழுதிவிட்டுப் போகிற அந்தப் பக்கமும் வந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போவாய், இடது கையால் எதையோ அழுத்திவிட்டு வருவாய், ரசத்துக்கு முன்னால் மறுபடியும் போவாய். உன் மாமா மகன் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்துக்கு உன்னைக் காணவில்லை. தெருமுனை சென்டரில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். யார் உன் பக்கத்தை வந்து பார்த்தார்கள் என்று அது பெயர் பெயராகக் காட்டுமாம். வந்து பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனவர்களை நினைத்து ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். உன்னை விடு. எனக்கு அந்தப் பக்கத்தை நடத்துகிறவன்மேல்தான் முதல் சந்தேகம். ஒருவன் இருக்கிறானா இல்லையா, வந்தானா போனானா என்பதைக் காட்ட அவன் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும். சும்மா யாரும் விளக்கு போட்டு வைக்க மாட்டார்கள். திரும்பத் திரும்ப வந்து எட்டிப் பார்க்கிற ஆட்கள் இருப்பது தெரிந்துதான் அதைப் போடுகிறார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இதில் நான் சொல்வது தப்பாக இருந்தால் நீயே சொல், நீதான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாய். ஆனால் எட்டிப் பார்க்கிற பழக்கத்தை அவன் உனக்குக் கற்றுத்தரவில்லை. அது முன்பே உன்னிடம் இருந்தது.

வளர்மதியை உனக்குப் பெண் பார்த்து வந்தபோது அவளையும் நான் விடவில்லை. தவளக்குப்பம் மார்க்கெட் பக்கத்தில் டீக்கடையில், சைக்கிள் கடையில், அவள் படித்த ஸ்கூல் வாசலில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விசாரித்தேன். நான் பஸ் ஏறி வீடு வருவதற்குள் அவளுக்குத் தகவல் போய்விட்டது. நிச்சயத்துக்குப் போனபோது காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "வேற எதாவது கேக்கணும்னா என்கிட்டயே கேளுங்க மாமா, டீக்கடக்காரருக்கு என்னைப் பத்தி அவ்வளவா தெரியாது" என்றாள். நான் காப்பியை ஆற்றத் தொடங்கினேன். அவள் அப்பா பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்க அம்மா மட்டும் சிரித்தாள், இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எரிந்து விழாமல், நிறையவும் பேசாமல், இப்படிப் பதில் சொல்கிற ஆளை நான் சாவடியில் பார்த்ததே இல்லை. அதனால் அவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் குழம்பினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கண்டுபிடித்தது சரி. ட்ரெயினிங் கிளாஸ் இல்லை. அவள் உன்னிடம் சொன்னது பொய்தான். அந்தப் பொய் என்னுடையது. சொல்லச் சொன்னவன் நான். ஆடி மாசத்திலிருந்தே எனக்கு நெஞ்சில் ஒரு இறுக்கம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இடது தோள் கடுக்கும். வாயுப் பிடிப்பு என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், இதய நோய்ப் பிரிவு வரிசையில் நின்றபோது, அவள் என்னைப் பார்த்துவிட்டாள். வேறு வார்டில் இருந்தவள், ஏதோ பேப்பர் கொடுக்க அந்தப் பக்கம் வந்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தன் லீவை மாற்றிப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். டெஸ்ட்டுக்கு, ஸ்கேனுக்கு, டாக்டர் அறை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்க. இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு உங்க அம்மாவிடம் மட்டும் சொன்னேன். மாத்திரையில் ஓட்டிவிட்டுக் கல்யாணம் முடிந்த பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இளங்கோவிடம் மூச்சு விடக் கூடாது, பயந்துவிடுவான், வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான் என்று வளர்மதியிடம் சத்தியம் வாங்கினேன். வாங்கியபிறகும் வாராவாரம் சொல்லிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லல மாமா, சொல்லல மாமா என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருக்கும். என்னோடு இருக்கும்போது உன் போனை எடுத்தால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுவிடும் என்று எடுக்கவில்லை. அவள் தங்கை, வீட்டுக் கம்ப்யூட்டரில் இவள் கணக்கை மூடாமல் விட்டுவிடுவாளாம். அதனால்தான் உனக்கு அங்கே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உன்னைத் தெரிந்தது. அவள் மடியில் இருந்த போன் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், எட்டிப் பார்த்தேன். எங்க இருக்க. ஆன்லைன்ல இருக்க, பதில் இல்ல. வேற யார்கிட்ட பேசுற. நான் வேணாமா. அதற்குக் கீழே, சாரி. அதற்குக் கீழே மறுபடியும், எங்க இருக்க. அவள் போனைத் திருப்பி வைத்துக்கொண்டாள், என்மேல் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சின்ன வயசில் அவர் எப்படி இருப்பார் மாமா என்று கேட்டாள். நானும் கல்யாணப் பெண்ணுக்கு மாப்பிள்ளையின் சேட்டைகளைச் சொல்கிற உற்சாகத்தில் அந்தச் செருப்புக் கதையை எடுத்துவிட்டேன். உனக்கு அது ஞாபகம் இருக்குமோ என்னவோ. உனக்கு நாலு வயசிருக்கும். நான் கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவாய். அதனால் பக்கத்து வீட்டு அக்கா உனக்கு ரோட்டில் போகிற மாட்டு வண்டியையோ காக்காயையோ காட்ட, நான் பின்பக்கமாகக் கம்பி நீட்டிவிடுவேன். நம்ம பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், பிள்ளைக்குத் தெரியாமல் போவதுதான் பிள்ளைமேல் வைத்த பாசம். என் டூட்டிக்கு நேரங்காலம் கிடையாது, ஒருநாள் சாயங்காலம் வருவேன், ஒருநாள் மறுநாள்தான் வருவேன். நீ சீக்கிரமே உஷாராகிவிட்டாய். விளையாடிக்கொண்டே இருப்பாய், நடுவில் ஓடிவந்து வாசலில் என் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பாய், இருந்தால் போவாய், மறுபடியும் வருவாய். சாவடியில் எத்தனை தந்திரக்காரர்களைப் பார்த்தவன் நான், உனக்கா தோற்பேன். அதே மாதிரி இன்னொரு ஜோடி வாங்கினேன். ஒன்று வாசலிலேயே இருக்கும், இன்னொன்றை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவேன். நீ வந்து வந்து செருப்பைப் பார்த்து, அப்பா உள்ளே இருக்கிறார் என்று நிம்மதியாக விளையாடுவாய்.

இதைச் சொல்லி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன், ஆனால் பாதியில் குரல் இறங்கிவிட்டது. ஒருநாள் நீ செருப்பை வாசலில் விட்டுவைக்கவே பயந்து, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு விளையாடப் போயிருக்கிறாய். செருப்பு இல்லாமல் அப்பா எப்படிப் போவார். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரில் புளிய மரத்தடியில் நீ, நெஞ்சோடு என் செருப்பை அணைத்துக்கொண்டு, என் காலைப் பார்த்தாய். கத்தவில்லை, ஓடி வரவில்லை. பஸ் வந்தது, நான் ஏறிப் போய்விட்டேன். அன்றைக்கு உனக்கு அழுகை நின்றுவிட்டது, பையன் பெரியவனாகிவிட்டான் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். வளர்மதி, "அவர் என்னைச் சந்தேகப்படல மாமா. நான் இருக்கனான்னு பாக்குறாரு. அவ்வளவுதான். ஆனா ஒரு நாள் முழுக்க ஒருத்தருக்கு இருக்கேன் இருக்கேன்னு சொல்லிகினே இருக்க முடியாது மாமா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

அவர்களுடைய நர்ஸ் படிப்பில் மனநலப் பாடம் ஒன்று உண்டாம். நம்மைப் பார்த்துக்கொள்கிறவர் இருப்பாரா போய்விடுவாரா என்று நிச்சயமில்லாமல் வளர்கிற பிள்ளைகளில் சிலர், பெரியவர்களான பிறகும் வேண்டியவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த விளக்கும் பெயர்ப் பட்டியலும் கிடைத்தால் விட முடியாதாம், சொறியச் சொறிய அரிப்பது மாதிரி. எனக்கு இந்த மாதிரி விளக்கங்கள்மேல் நம்பிக்கை கிடையாது. பாடப் புத்தகத்துக்காரர்கள் எல்லாவற்றுக்கும் அப்பா அம்மாவைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். உங்க மாமா வீட்டுப் பிள்ளைகளையும் ஏமாற்றிவிட்டுத்தான் எல்லாரும் வேலைக்குப் போனார்கள், அதுகள் கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையே என்று வாதாடினேன். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று யார் சொன்னது மாமா என்று அவளும் விடவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு விஷயம்தான் என் வாயை அடைத்தது. உங்க அம்மாவும் அப்போது மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சங்கு ஊதும், அவள் உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, அம்மா போயிட்டு வரேன், அடுத்த சங்குக்கு வந்துடுவேன் என்று உன் கண்ணெதிரே போவாள். நீ கொஞ்சம் அழுவாய், மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விடுவாய். இன்றைக்கும் அவள் போனை எடுக்காவிட்டால் கோயிலுக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிடுகிறாய். நான் எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிக்கிறாய். பாடப் புத்தகத்தைச் சந்தேகப்படலாம், ஒரே வீட்டில் நடந்ததை எப்படிச் சந்தேகப்படுவது.

நான் ஏன் எடுக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ அழைக்கும்போது போன் என் சட்டைப் பையில்தான் இருக்கும். துடிப்பது தெரியும். யாராவது என்னை ரொம்பத் தேடினால் எனக்கு உடனே எழுந்து எங்கேயாவது போகத் தோன்றும். கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள் என்று உங்க அம்மா எத்தனையோ நாள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்வேன். கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறவன் நீ, உள்ளே இருந்துகொண்டே திறக்காதவன் நான். உனக்கு ஒரு வியாதி என்றால் எனக்கும் ஒரு வியாதி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாததால் வெளியே தெரியவில்லை. என் அப்பா எனக்கு என்ன செய்தார் என்று பெஞ்சில் வளர்மதி கேட்டாள். அதற்குள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள், நானும் தப்பித்தேன் என்று எழுந்துவிட்டேன்.

நீ போன் செய்து கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதற்கு மறுநாள் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். டூட்டி உடுப்போடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். உங்க அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் முடியட்டும்மா, தாலி ஏறினப்புறம் சொல்லிக்கலாம். இப்ப இன்னாத்துக்கு அவனைக் கலங்கடிக்கணும்" என்று கெஞ்சினாள். அதோடு விட்டோமா. மாத்திரையில் இனி ஓட்ட முடியாது, அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் அதற்குள் கறாராகச் சொல்லியிருந்தார், அதற்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. பழைய ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து திருப்பதி போகிறோம், போன் கிடைக்காது என்று உன்னிடம் சொல்லிவிடுவது. பொய்க்குப் பொருத்தமாக முடியையும் மழித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நான் சொன்னபோது உங்க அம்மாகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். வளர்மதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் உங்களுக்குக் குடுத்த வார்த்தைய மீற மாட்டேன் மாமா. ஆனா இதுக்கு மேல இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் நின்னாலும் சரி. நீங்க சொல்லுங்க, இல்ல விட்டுடுங்க" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள்மேல் விழுந்த பழி போயிருக்கும். சொல்லாமல் தன் கல்யாணத்தையே பணயம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வைக்கோலைக் கலைத்துக் கலைத்துப் பார்க்கிற எனக்கு, தேடுவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.

கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடு என்று உனக்குப் புத்தி சொல்ல மாட்டேன். அது உன் சோறு. போனை வீசு என்றும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ கேட்க மாட்டாய், நானாக இருந்தாலும் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். விளக்கு எரிவதைப் பார்த்து ஆள் இருப்பதாகவும், அணைந்ததைப் பார்த்து ஆள் போய்விட்டதாகவும் நினைக்காதே. அதைப் போட்டு வைத்தவனுக்கு உன்னைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அடுத்தமுறை பதில் வராமல் நெஞ்சு படபடத்தால், எங்கே இருக்கிறாய் என்று எழுதாதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுது. உன் கோபத்தைப் பார்த்துத்தான் அவள் போனைத் திருப்பி வைக்கிறாள். பயத்தைப் பார்த்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத்தான் பார்க்கணும். எழுதிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நடை நடந்துவிட்டு வா. முதலில் முடியாது. இரண்டாம் முறையும் முடியாமல் போகலாம். அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டாயாமே, அதை மட்டும் இனிமேல் கேட்காதே. வண்டியை நிறுத்திச் சோதனை போடுகிறவன் சாவடியில் இருக்கலாம், வீட்டில் இருக்கக் கூடாது. அப்படி ஒருவனோடு உங்க அம்மா எப்படிக் காலம் தள்ளினாள் என்று அவளிடமே கேட்டுப் பார்.

அன்றைக்கு வளர்மதி போகிறபோது வாசலில் நான் அவளிடம் கேட்டேன், என் பையனைக் கட்டிக்கொள்வாயா மாட்டாயா என்று. "எல்லாம் தெரிஞ்சப்புறம் அவர் என்கிட்ட முதல்ல என்ன கேக்குறாருன்னு பாக்கணும் மாமா. ஏன் மறைச்சன்னு கேட்டா ஒண்ணு, நீ எப்படித் தாங்கினன்னு கேட்டா ஒண்ணு" என்றாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளை நீட்டுகிற மாதிரிதான் இது, தெரிகிறது. ஆனால் இனிமேல் ஒளிக்கக் கூடாது என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு இதை ஒளித்தால் நான் எப்படிப்பட்டவன். அவளும் இதைப் படிக்கத்தான் போகிறாள், பிடிக்காவிட்டால் அடித்துவிடட்டும். இந்த வரிகள் அடிபடாமல் உன் கையில் வந்தால் அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று புரிந்துகொள். நீ சொந்தமாக எதையாவது கேட்பாய், அப்பா சொல்லிக்கொடுத்ததைக் கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

புதன்கிழமைக்குள் வந்துவிடு. வியாழக்கிழமை காலையில் என்னை உள்ளே கொண்டுபோவார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று டாக்டரே சரியாகச் சொல்லவில்லை. அவ்வளவு நேரமும் நீ கேட்கிற எதற்கும் என்னிடமிருந்து பதில் வராது. வளர்மதியும் டூட்டியில் இருப்பாள், அவளிடமும் வராது. நீ உங்க அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திரு. ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கே பயமாக இருக்கிறது. உள்ளே போவதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்த்து, போயிட்டு வரேன்டா என்று நான் சொல்லணும், நீ அழுதாலும் நின்று சொல்லணும். நீ பிறந்ததிலிருந்து இன்றுவரை உன்னிடம் அதை ஒருமுறைகூட நான் சொன்னதில்லை.

அப்பா